கடைசி வரிசையைத் தொட்டால் முதல் வரிசை சிவக்கும்

“தம்பி, நான் கடைசி வரிசையைத் தொட்டா முதல் வரிசை சிவக்குது,” என்றார் டிக்கெட் கவுண்ட்டர் அக்கா போனில்.

அவன் வாய் நிறையப் பற்பசை நுரை. “அப்படியெல்லாம் ஆகாதே,” என்றான்.

எந்தப் புரோகிராமரிடம் எந்தக் குறையைச் சொன்னாலும் முதலில் வரும் பதில் அதுதான். இரண்டாவது பதில், “என் மெஷின்ல ஒழுங்கா ஓடுதே.” மூன்றாவதுதான், “வந்து பார்க்கிறேன்.” அக்கா அனுபவசாலி. மூன்றாவது வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

“சரி, வந்து பார்க்கிறேன்க்கா.”

“சீக்கிரம் வா. ஒரு பெரியவர் கடைசி வரிசைதான் வேணும்னு கேட்டார். நாடகம் அறுவையா இருந்தா சத்தமில்லாம எழுந்து போகணுமாம். அவருக்கு முதல் வரிசையில நட்டநடு சீட்டை அடிச்சுக் குடுத்திருக்கு உன் பொட்டி. மனுஷன் என்னை முறைச்சுக்கிட்டு நிக்கிறார்.”

குளியலறைக் கதவுக்கு வெளியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “காலங்காத்தால யாருங்க அது?”

“கவுண்ட்டர் அக்கா.”

“கூடப் பிறந்த அக்கா ஒண்ணு கிடையாது. ஊரெல்லாம் அக்கா!”

அலுவலகத்தில் அவனுக்கு ‘உருட்டு’ என்று பெயர். காரணம் நியாயமானதுதான். எந்த மென்பொருளாக இருந்தாலும், அதில் மேலும் கீழும் உருட்டிப் பார்க்கிற ஜன்னல்களைச் செய்வது அவன் பொறுப்பு. வேலை முடியாத நாட்களில் அவன் சொல்கிற காரணங்களைக் கேட்டுத்தான் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் பொறாமைக்காரர்கள்.

நாடக அரங்கத்தின் டிக்கெட் மென்பொருளும் அவன் கைவண்ணம்தான். அரங்கம் முழுவதும் திரையில் படமாக வரும். விற்காத நாற்காலி பச்சை, விற்றது சிவப்பு. பச்சை நாற்காலியைச் சொடுக்கினால் டிக்கெட் அச்சாகி வெளியே வரும். ஆனால் கவுண்ட்டரில் இருந்த மானிட்டர் டிபன் பாக்ஸ் மூடி அளவு. முழு அரங்கமும் அதில் அடங்காது. அதனால் படத்தை உருட்ட வேண்டும். மேலே மேடையும் முதல் வரிசையும் இருக்கும். கீழே உருட்டிக்கொண்டே போனால் கடைசி வரிசை ஜன்னலின் உச்சிவரை வரும்.

அங்கேதான் சனி உட்கார்ந்திருந்தது.

ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியில் ஒருவர் சுண்ணாம்பால் புள்ளி வைத்து, “இந்தப் புள்ளிக்கு நேரே இருக்கிறதுதான் என் வீடு” என்று சொன்னால் எப்படி இருக்கும்? புள்ளி இருந்த இடத்தில்தான் இருக்கும். வெளியே வீடுகள் ஓடிக்கொண்டே இருக்கும். அவன் எழுதிய நிரலும் அப்படிப்பட்ட புத்திசாலிதான். சொடுக்கிய இடம் ஜன்னலின் மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்த்தது. படத்தை எவ்வளவு தூரம் உருட்டியிருக்கிறார்கள் என்பதைப் பற்றி அது கவலைப்படவே இல்லை. ஆகவே ஜன்னலின் உச்சியில் எந்த வரிசை தெரிந்தாலும் சரி, அதைப் பொறுத்தவரை அது முதல் வரிசை.

கவுண்ட்டரில் போய் உட்கார்ந்து பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. “ஒண்ணுமில்லக்கா. உருட்டின தூரத்தைக் கணக்குல சேர்க்க விட்டுப்போச்சு. ஒரு வரி விஷயம்.”

அவன் “ஒரு வரி விஷயம்” என்று சொன்னாலே அலுவலகத்தில் மேனேஜர் ரத்த அழுத்த மாத்திரையைத் தேடுவார். பாவம், அது அக்காவுக்குத் தெரியாது. காபி வாங்கிக் கொடுத்தார்.

அந்த ஒரு வரியை அவன் எழுதினான். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டான்.

மறுநாள் மறுபடியும் போன்.

“தம்பி, இந்த மைனஸ் மூணாவது வரிசை எங்க இருக்கு?”

“என்னது?”

“டிக்கெட்ல அப்படித்தான் வந்திருக்கு. மைனஸ் மூணு, சீட்டு ஒன்பது. வாங்கினவர் அறிவாளி மாதிரி இருக்கார். முதல் வரிசைக்கு முன்னாடி பூஜ்யம், அதுக்கு முன்னாடி மைனஸ் ஒண்ணு, அப்படின்னு எண்ணிக்கிட்டே போய் மேடை மேல ஏறி நின்னு, ‘நாற்காலி எங்கம்மா?’ன்னு கேக்குறார்.”

அந்தச் சமயம் பார்த்து அரங்கத்தின் முதலாளி போனைப் பிடுங்கினார். முதலாளி எப்போதும் இரண்டு போன்களில் பேசுகிறவர். ஒன்றில் கெஞ்சுவார், மற்றதில் மிரட்டுவார். சில நேரம் போன் மாறிவிடும்.

“இதோ பாருப்பா, இந்த அரங்கம் நிறைஞ்சு யுகமாச்சு. ஒரு மெத்தைக் கடைக்காரன் கோடவுனுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கான். என் வீட்டுக்காரம்மா மெத்தைதான் மேல்ங்கிறா. மெத்தை பாதியில எழுந்து போகாதாம். இந்த ஒரு நாடகமாவது ஓடினாத்தான் நான் பிழைப்பேன். வெளியூர்க் குழு. நான் மூஞ்சியக்கூடப் பார்த்ததில்ல, எல்லாம் போன்லயே பேசி முடிச்சேன். எல்லா இடத்துலயும் வயிறு வலிக்கச் சிரிக்கிறாங்களாம். நீ கெடுத்துடாதே.”

“ஒரு வரி விஷயம் சார்.”

கழித்தலைக் கூட்டலாக்கினான். இப்போது தொட்ட நாற்காலி தொட்ட நாற்காலியாகவே விற்றது. அவனுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. அந்த உற்சாகத்தில், யாரும் கேட்காத ஒன்றையும் செய்தான். உருட்டும்போது படம் தயங்கித் தயங்கி நகர்கிறதே என்று, முழுப் படத்தையும் மறுபடி வரையாமல் புதிதாக ஜன்னலுக்குள் வருகிற பட்டையை மட்டும் வரையும்படி மாற்றினான். ஜன்னல் வெண்ணெய் மாதிரி வழுக்கியது. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினான். மேனேஜர்கூட, “பரவால்லியே உருட்டு!” என்றார்.

அந்தப் பட்டையை வரையும்போது எது விற்றது, எது விற்கவில்லை என்று கேட்க மறந்துவிட்டான். எல்லா நாற்காலியையும் பச்சையாகவே வரைந்தது. சிவந்த நாற்காலியை ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே உருட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால், அது அன்று பிறந்த குழந்தைபோலப் பச்சையாக இருந்தது. போதாக்குறைக்கு, நாற்காலி விற்றதா இல்லையா என்பதை நிறத்தைப் பார்த்தே முடிவு செய்யும்படிதான் அவன் ஆதியிலிருந்தே எழுதியிருந்தான். பச்சை என்றால் காலி. காலி என்றால் விற்கலாம்.

சில நாட்கள் யாரும் போன் செய்யவில்லை. அவன் நிம்மதியாக இருந்தான். ஒரு புரோகிராமருக்கு வரக்கூடிய கெட்ட சகுனங்களிலேயே பெரியது அந்த நிம்மதிதான்.

வீட்டில் வேறு கச்சேரி தொடங்கியிருந்தது.

நாடகத்தின் பெயர் ‘ஒரு சோபா, இரண்டு சம்பந்திகள்’. முதலில் போன் செய்தது அவனுடைய அப்பா. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் தொலைந்த காலத்திலும் விளையாட்டு நிற்கவில்லை என்றால், அவர் குரலைப் புரிந்துகொள்ளலாம்.

“டேய், அந்த நாடகத்துல சம்பந்தியம்மாவைக் கிழிகிழின்னு கிழிக்கிறாங்களாமே! எனக்கு ஒரு டிக்கெட் போடு. ஆசை தீரச் சிரிக்கணும்.”

அடுத்தது மாமியார். நூலகராக இருந்தவர். குரலை உயர்த்தியே பழக்கமில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தால் போதும், எதிரே நிற்கிறவர் தானாக மன்னிப்புக் கேட்பார்.

“மாப்பிள்ளை, அந்த நாடகத்துல வர்ற சம்பந்தி வேஷம் உங்க அப்பாவைப் பார்த்தே எழுதின மாதிரி இருக்காமே. எனக்கு முதல் வரிசையில ஒண்ணு சொல்லிடுங்க. யாரும் மறைக்காத இடமா.”

‘மறைக்காத’ என்பதில் ஓர் அழுத்தம் இருந்தது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. கல்யாணத்தன்று இரு வீட்டாரும் சேர்ந்து எடுத்த குடும்பப் படத்தில், அப்பா அணிவகுப்பு மரியாதை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாமியாருக்கு நேர் முன்னால் நின்றுவிட்டார். படத்தில் எல்லோரும் தெரிந்தார்கள். மாமியார் இருந்ததற்குச் சாட்சியாக அப்பாவின் தோளுக்கு மேலே ஒரு கொண்டை தெரிந்தது. அந்தப் படத்தை மாமியார் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுத் தன் வீட்டு வரவேற்பறையில் மாட்டி வைத்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம், “இது என் பொண்ணு, இது மாப்பிள்ளை, இது நான்,” என்று கொண்டையைத் தொட்டுக் காட்டுவார்.

“கேமராக்காரன் நகருங்கன்னு சொல்லியிருந்தா நகர்ந்திருப்பேன்,” என்பது அப்பாவின் வாதம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. ஒரே மேஜையில் உட்கார நேர்ந்தால், “டேய், உப்பை அந்தப் பக்கமிருந்து வாங்கு” என்பார் அவர். “மாப்பிள்ளை, உப்பு இல்லைன்னு அந்தப் பக்கம் சொல்லிடுங்க” என்பார் இவர். உப்பு மேஜை நடுவில்தான் இருக்கும்.

“ரெண்டு பேரும் ஒரே ஷோவுக்கு வந்தா அங்கேயே இன்னொரு நாடகம் நடக்கும்,” என்றான் அவன்.

“ஒருத்தரைக் கூப்பிட்டு ஒருத்தரை விட்டா அதைவிடப் பெரிசா நடக்கும்,” என்றாள் மனைவி. அவள்தான் அந்த வீட்டின் மூளை. “அம்மா முதல் வரிசை. மாமா கடைசி வரிசை. நடுவுல ஊரே உட்காரட்டும். லைட் அணைஞ்சதும் மாமாவை உள்ள அனுப்புங்க. லைட் போடறதுக்கு முன்னாடி வெளிய கூட்டிட்டு வந்துடுங்க.”

“எங்க அப்பா என்ன கடத்தல் சரக்கா?”

“அவர் இருக்கிறது அவங்களுக்குத் தெரியக் கூடாது. அவங்க இருக்கிறது அவருக்குத் தெரியக் கூடாது. இதைச் சொதப்பினீங்க, நான் ரெண்டு பேரையும் நம்ம வீட்டுலயே தங்க வெச்சிடுவேன்.”

சொதப்பக் கூடாது என்பதற்காக, டிக்கெட் எடுக்க அவனே நேரில் போனான். கவுண்ட்டரில் அக்கா ஏதோ அதிசயத்தைக் கண்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, உன் பொட்டி அட்சய பாத்திரம்ப்பா! எத்தனை வித்தாலும் தீரவே மாட்டேங்குது. நேத்து முழுக்க வித்தேன். இன்னிக்கு வந்து பார்த்தா எல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கு.”

அவன் மவுஸைப் பிடுங்கினான். உருட்டிப் பார்த்தான். சிவப்பு, மேலே போய்க் கீழே வந்தால் பச்சை. பச்சை, பச்சை, பச்சை.

“ஏன்க்கா எனக்குப் போன் பண்ணல?”

“நல்லது நடக்கும்போது யாராவது புகார் சொல்வாங்களா?”

இதை முதலாளியிடம் சொல்வதா வேண்டாமா என்று அவன் யோசித்தான். எட்டிப் பார்த்தான். முதலாளி இரண்டு போன்களிலும் சிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றில் மெத்தைக் கடைக்காரரிடம், “கோடவுனா? ஹவுஸ் ஃபுல்லுங்க!” என்றார். அந்தச் சிரிப்பைப் பறிக்க மனம் வரவில்லை. முதலில் சரி செய்வோம், பிறகு சொல்வோம் என்று முடிவெடுத்தான். இந்த முடிவைத்தான் சரித்திரத்தில் எல்லா அணை உடைப்புகளுக்கும் முந்தைய நாள் யாரோ ஒருவர் எடுத்திருப்பார்.

அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு சொடுக்குக்கும் முழுப் படத்தையும் புதிதாக வரையச் சொன்னான். வரைந்தது. ஆனால் புதிதாக வரைகிற ஜன்னல், எங்கே நின்றோம் என்பதை மறந்து ஒவ்வொரு முறையும் உச்சிக்குத் தாவியது. கடைசி வரிசையைத் தொட்டால் படம் குதித்து முதல் வரிசைக்கு வந்து நிற்கும். கூடவே ஒரு மினுக்கல். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, “எனக்குக் கப்பல்ல போற மாதிரி இருக்கு தம்பி,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

“பழகிடும்க்கா.”

மாமியாருக்காக முதல் வரிசை நடு நாற்காலியைத் தொட்டான். டிக்கெட் வந்தது. அப்பாவுக்காகக் கீழே கடைசிவரை உருட்டி, கடைசி வரிசையில் நடு நாற்காலியைத் தொட்டான். விற்பதற்கு முன்பே ஜன்னல் மேலே தாவ, சொடுக்கு முதல் வரிசை நடு நாற்காலியில் விழுந்தது. தாவிய வேகத்தில் முதல் வரிசை இன்னும் சிவக்கவில்லை. பச்சை என்றால் காலி, காலி என்றால் விற்கலாம். டிக்கெட் வந்தது. அதற்குள் முதலாளி கூப்பிட்டு, மேடையைப் பார்க்கச் சொன்னார். நாடகக் குழுவின் சாமான்கள் லாரியில் முன்கூட்டியே வந்து, மேடை நடுவில் ஒரு பெரிய சிவப்பு சோபா ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. “பிரமாதம் சார்,” என்று சொல்லிவிட்டு, இரண்டு டிக்கெட்டையும் பார்க்காமலே சட்டைப் பையில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

நாடகத்தன்று மாலை அரங்கத்துக்குள் காலெடுத்து வைத்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

முன் வரிசைகளில் ஜனம் பண்டிகை நாள் பஸ்போல நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. பின்னால் பாதி அரங்கம், உழாமல் விட்ட வயல்போலக் காலியாகக் கிடந்தது. ஒவ்வொரு முன் நாற்காலியையும் சுற்றி இரண்டு மூன்று சொந்தக்காரர்கள் நின்றார்கள். எல்லோர் கையிலும் ஒரே எண். எல்லோர் வாயிலும் ஒரே வசனம். “படிக்கத் தெரியுமா உங்களுக்கு?”

“பின்னாடி காலியா இருக்கு, தயவுசெஞ்சு அங்க போய் உட்காருங்க,” என்று முதலாளி கும்பிட்டார்.

“எதுக்கு? என் டிக்கெட்ல முதல் வரிசைன்னு போட்டிருக்கே!” என்றது ஊர். பின்னால் போனால் தோற்றதாக அர்த்தம். யாரும் அசையவில்லை. கடைசி வரிசை கேட்ட அந்தப் பெரியவர்கூட முதல் வரிசையை விட மறுத்துவிட்டார். இல்லாத பொருளுக்கு இருக்கிற மவுசு அப்படி.

சண்டையினால் விளக்கும் அணைக்கப்படவில்லை. மனைவியும் மாமியாரும் முன்னமே வந்திருந்தார்கள். மாமியார் முதல் வரிசை நடுவில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி நடைபாதையிலிருந்து அவனைப் பார்த்துக் கண்ணாலேயே கேட்டாள். ‘மாமா எங்க?’

மாமா வந்துகொண்டிருந்தார். இருட்டாகட்டும் என்று வெளியே நிறுத்தி வைத்திருந்தவர், நின்று நின்று கால் வலித்து, ‘நான் என்ன பனிஷ்மெண்ட் வாங்கின பையனா?’ என்று தானே உள்ளே வந்துவிட்டார். டிக்கெட்டைப் படித்தார். கடைசி வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக முதல் வரிசைக்கு நடந்தார். மாமியாருக்கு முன்னால் போய் நின்றார். கல்யாணத்தன்று நின்ற அதே நிலை.

இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பேருமே அவனைப் பார்த்தார்கள்.

“டேய், என் சீட்டுல யாரோ உட்கார்ந்திருக்காங்க. எழுந்திருக்கச் சொல்லு.”

“மாப்பிள்ளை, முன்னாடி யாரோ நிக்கிறாங்க. மறைக்குதுன்னு சொல்லுங்க.”

“அப்பா, கொஞ்சம் பின்னாடி...”

“எதுக்கு? இதோ எழுதியிருக்கு!” அப்பாவின் குரலில் அரங்கத்தின் மின்விசிறிகள் ஒரு கணம் நின்று சுற்றின.

“எனக்கும் எழுதியிருக்கு,” என்றார் மாமியார் மெதுவாக. கண்ணாடிக்கு மேலே பார்வை வந்தது. “உங்க கம்ப்யூட்டர் என்ன மாப்பிள்ளை சொல்லுது?”

அவன் இரண்டு டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்தான். ஒரே வரிசை. ஒரே எண். அச்சு மட்டும் இரண்டிலும் அருமையாக விழுந்திருந்தது.

“ஒரு நிமிஷம். பார்த்துட்டு வந்துடறேன்,” என்று சொல்லிவிட்டு நடந்தான். கூட்டத்தைத் தாண்டியதும் ஓடினான். கவுண்ட்டர் அறைக்குள் புகுந்து உள்தாழ்ப்பாள் போட்டு, மேஜைக்கு அடியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டான்.

“என்ன தம்பி, ஒரு வரி விஷயமா?” என்றார் அக்கா.

கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள், அக்கா திறந்தார். முதலாளி. வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். “இனிமே பேசிப் பிரயோஜனமில்ல. இருட்டானா தானா அடங்குவாங்க. ஹால் விளக்கை அணைச்சுட்டு மேடை விளக்கைப் போடச் சொல்லிட்டேன். நடிகருங்க பின்வாசல் வழியா வருவோம்னாங்க, வந்திருப்பாங்க. நாடகம் ஆரம்பிச்சா ஜனம் சண்டையை மறந்துடும். மறக்கலைன்னா, நாளைக்கு மெத்தை வரும். அதுல உன்னைச் சுருட்டி வெச்சுடுவேன்.” போய்விட்டார்.

அவன் போன் அதிர்ந்தது. மனைவி. பின்னணியில் ஒரே இரைச்சல்.

“ஏங்க, நீங்க உள்ள வராதீங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க...”

“அம்மா எங்க? உட்கார்ந்தாங்களா?”

“உட்கார்ந்தாச்சு. முதல் வரிசையைவிட நல்ல இடம். யாருமே மறைக்க முடியாது.”

“அப்பா?”

“அவரும் அங்கதான்...” இரைச்சல் குரலை விழுங்கிவிட்டது. தொடர்பு அறுந்தது.

‘அவரும் அங்கதான்’ என்றால் பக்கத்துப் பக்கத்திலா? திரும்பக் கூப்பிட்டான், அவள் எடுக்கவில்லை. அப்போது சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம். முதலில் யாரோ மேஜையை இழுக்கிறார்கள் என்று நினைத்தான். இல்லை. சிரிப்பு. முழு அரங்கமும் ஒரே வாயாகச் சிரித்தது. கவுண்ட்டர் கண்ணாடி அதிர்ந்தது.

“நாடகம் ஆரம்பிச்சாச்சு,” என்றார் அக்கா, மூச்சை விட்டு.

சிரிப்பு அடங்கியது. மறுபடி எழுந்தது. கைதட்டல் வந்தது. ஒரு விசில்கூடக் கேட்டது. முதலாளி சொன்னது சரிதான், ஜனம் சண்டையை மறந்துவிட்டது. அவன் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். தான் இதுவரை செய்த திருத்தங்களை எல்லாம் அழித்தான். பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக, அந்த ஜன்னல் செய்யும் கருவியோடு வந்த விளக்கத்தைப் படித்தான். உருட்டிய ஜன்னலில் சொடுக்கிய இடத்தைப் படத்தின் இடமாக மாற்றித்தர அதில் ஒரு கட்டளை தயாராகவே இருந்தது. அதைப் போட்டான். நிறத்தைப் பார்த்து விற்கிற புத்தியையும் எடுத்தான். கடைசி வரிசையைத் தொட்டான். கடைசி வரிசை சிவந்தது. உருட்டிப் பார்த்தான். சிவப்பாகவே இருந்தது. அக்கா கண்ணைத் திறந்தே பார்த்தார்.

“நிஜமாவே ஒரு வரிதானா தம்பி?”

“ஆமாங்க்கா.” வெட்கமாக இருந்தது.

சுவருக்கு அப்பால் இப்போது சத்தமே இல்லை. ஊசி விழுந்தால் கேட்கும். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு கைதட்டல் வெடித்தது. நிற்கவே இல்லை.

கதவுகள் திறந்தன. இடைவேளை போலிருக்கிறது, ஜனம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தது. முதலில் வந்தவர் அந்தக் கடைசி வரிசைப் பெரியவர். “பாதியில எழுந்து போகணும்னுதான் வந்தேன். காலு நகரலையே!”

“அந்தச் சம்பந்தியம்மா வசனமே பேசாம ஒரு பார்வை பார்த்தாங்க பாரு, எனக்கே மன்னிப்புக் கேக்கணும்போல இருந்துச்சு,” என்றாள் ஒருத்தி.

“ஒரு அல்ப விஷயம். அதுக்கு எத்தனை வருஷக் கோபம்! நம்ம வீட்டுலயும் இதானே நடக்குது,” என்றார் அவள் கணவர். “கடைசியில அந்த மனுஷன் சோபாவை விட்டு எழுந்து, ‘நான்தான் நகர்ந்திருக்கணும்மா’ன்னு சொன்னப்போ நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். அதுக்கு அந்தம்மா, ‘பரவால்ல, பக்கத்துலயே உட்காருங்க, இடம் இருக்கு’ன்னாங்களே!”

அவனுக்கே இதைப் பார்க்காமல் போய்விட்டோமே என்று இருந்தது. முக்கியமாக, அப்பாவும் மாமியாரும் இதைப் பார்த்திருப்பார்களே, கொஞ்சமாவது உறைத்திருக்குமா என்று நினைத்துக்கொண்டான்.

முதலாளி ஓடி வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு போன்களும் தரையில் விழுந்தன, அவர் எடுக்கவில்லை. “ஜெயிச்சுட்டோம்ப்பா! ஜனம் நின்னுக்கிட்டே கைதட்டுது! மெத்தைக்காரனைப் போகச் சொல்லிட்டேன். அடுத்த வாரம் பூரா இதே நாடகம்தான். அந்த ரெண்டு பேர் காலைப் பிடிச்சாவது நிறுத்தி வெச்சுடணும். இப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததே இல்ல!”

அப்போது பின்பக்கச் சந்திலிருந்து கையெல்லாம் கிரீஸ் அப்பிய ஒரு வேன் டிரைவர், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஓடி வந்து முதலாளி முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“சார், கோவிச்சுக்காதீங்க, வழியில வண்டி படுத்துருச்சு. நடிகருங்களை இப்பதான் பின்வாசல்ல இறக்கி விட்டிருக்கேன், நாடகத்தை ஆரம்பிக்கச் சொல்லட்டுமா?”